மானியம் கேட்கப் போகிறீர்களா? சேலம், ஏற்காடு குழுக்களுக்குக் கேள்வி பதில்

உடல்நலம், வேலைவாய்ப்பு இரண்டிலும் பின்தங்கிய மக்களுக்காகச் சமுதாய மானியம் பெறுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். மலையிலிருந்தும் கீழே நகரத்திலிருந்தும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேள்விக்கு முன்னால் இருப்பது அனுப்பியவரின் ஊர். விண்ணப்பம் எழுதுகிற பக்கமும் இருந்திருக்கிறேன், வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சில பதில்கள் கொஞ்சம் கறாராக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாழவந்தி: அக்கா, நாங்க 12 பேர் குழுவா இருக்கோம். எல்லாரும் காபி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போறவங்க. டிரஸ்ட் பதிவு பண்ணினாத்தான் மானியம் வரும், 40,000 கொடுங்க, எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாருங்க. கொடுக்கலாமுங்களா?

கொடுக்காதீர்கள்.

டிரஸ்ட் பத்திரம் பதிவதோடு வேலை முடிவதில்லை. பான் எண், வருடா வருடம் தணிக்கை, வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம் என்று செலவு தொடரும். அதையெல்லாம் செய்தாலும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர் பணம், உடனே வந்துவிடாது. அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கிற அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்கிற வரிப் பதிவுகளும் 3 வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும் கட்டாயம். புது டிரஸ்டுக்கு இதில் எதுவும் இருக்காது. 40,000 கேட்கிறவர் இதைச் சொன்னாரா?

நீங்கள் மகளிர் திட்டத்தில் சேர்ந்த சுய உதவிக் குழு என்றால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு முகவரி இருக்கிறது. குழுவுக்கு மேலே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கிறது. சுழல் நிதி குழுவுக்கே வரும். சமுதாய முதலீட்டு நிதி கூட்டமைப்பு வழியாகக் கடனாக வந்து வட்டியோடு திரும்பிப் போக வேண்டியது. அதை இனாம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டுப் பிறகு முழிக்கிற குழுக்கள் உண்டு, எச்சரிக்கை. இதெல்லாம் கிடைக்க மகளிர் திட்டத்தார் பார்ப்பது பஞ்ச சூத்திரம்: தவறாத கூட்டம், சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கொடுக்கிற உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்குப் புத்தகம். டிரஸ்டுக்கு ஆகிற அலைச்சலை இந்த ஐந்தில் போடுங்கள்.

பெரிய தொகை வேண்டுமென்றால் பதிவுகள் எல்லாம் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கேளுங்கள். ஆனால் பணம் வருவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்: மொத்தத்தில் எவ்வளவு உங்கள் ஊரில் செலவாகும், காசோலையில் யார் கையெழுத்து, வாங்குகிற பொருள் கடைசியில் யாருக்குச் சொந்தம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் விலகி நில்லுங்கள்.

நாகலூர்: எங்க பகுதி ஊருங்களுக்கு ஒரு ஆம்புலன்ஸ் வண்டி வாங்க மானியம் யார்கிட்ட கேக்கறது?

வண்டி கேட்டு வருகிற விண்ணப்பத்தைத் தேர்வுக் குழு எப்படிப் படிக்கும் என்று சொல்கிறேன். வண்டி வாங்கலாம். இரண்டாம் வருடம் டிரைவர் சம்பளம் யார் கொடுப்பது? டீசல், இன்சூரன்ஸ், எஃப்சி, இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கித் தேயும் பிரேக்கும் டயரும்? இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் முதல் சுற்றிலேயே ஒதுங்கிவிடும். அவசரத்துக்கு 108 இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் 108 நிற்கிற தார் ரோடு வரைக்கும் நோயாளி எப்படி வருவார் என்பதுதான். உள்ளூரில் ஜீப் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ராத்திரி வந்தால் இவ்வளவு என்று அவர்களோடு பேசி முடித்து, அந்த வாடகைக்கு ஒரு நிதி கேளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அது மாதிரி நாட்களில் குப்பனூர் வழியாக இறங்க எவ்வளவு ஆகும் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மலையில் ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதற்கு வைத்தியச் செலவு மட்டும் காரணமில்லை. சேலம் அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான், மேல் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வருகிறவர் கூலியும் போச்சு. பறிப்பு நடக்கிற மாதங்களில், நவம்பருக்குப் பிறகு, எந்தப் பெண்ணும் உடம்புக்கு முடியவில்லை என்று வாயைத் திறக்க மாட்டார். அந்த மூன்று நான்கு மாதக் கூலியில்தான் மிச்ச வருடம் ஓட வேண்டும்.

ஆகவே பட்ஜெட்டில் 'கூலி ஈடு' என்று ஒரு வரி போடுங்கள். ஒரு நோயாளி, ஒரு துணை, ஒரு பயணம்: கூலி, பயணச் செலவு, சாப்பாடு. வருடத்துக்கு எத்தனை பயணம் வரும் என்று ஊர் நர்சைக் கேட்டுப் பெருக்குங்கள். உடல்நலமும் வேலையும் வேறு வேறு தலைப்பு என்று நிதி தருகிறவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது பிரிந்தா இருக்கிறது? அந்த ஒரு வரி உங்கள் விண்ணப்பத்தை மற்றவற்றிலிருந்து தனியாகக் காட்டும்.

கூடவே ஒரு வேலை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் பகுதியில் எந்தெந்த ஊருக்கு வருகிறார்கள், எதற்கு வருவதில்லை என்று பட்டியல் எடுங்கள். வராத ஊர்களின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனுவாகக் கொடுங்கள். அரசு செய்ய வேண்டியதை மானியப் பணத்தில் செய்யாதீர்கள்.

பனங்காடு: கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறோம். வெள்ளி விலை ஏறியதிலிருந்து வேலை சரியாக வருவதில்லை. பொடி வைத்து ஊதி வெள்ளியைப் பற்றவைக்கிறவர்களுக்குப் புகையால் இருமல், பெண்களுக்குக் கண் வலி. எங்களுக்கு ஏதாவது உண்டா?

முதலில் ஒரு கேள்வி. பட்டறையில் எத்தனை பேரிடம் நல வாரிய அட்டை இருக்கிறது? தங்கம், வெள்ளி வேலை செய்கிறவர்களுக்கென்றே பொற்கொல்லர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை சேரலாம். கண்ணாடிக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, விபத்துக்கு உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம். வீட்டில் உட்கார்ந்து கொக்கி மாட்டுகிற, சலங்கை கோக்கிற பெண்களும் தொழிலாளிகள்தான். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவதற்குக் காரணம், நம் வீட்டு ஆண்களே அதை 'கைவேலை' என்று ஒதுக்கிவிடுவது.

அட்டை வாங்கிய பிறகு மானியத்துக்கு வாருங்கள். தனித்தனிப் பட்டறைக்கு யாரும் தர மாட்டார்கள். புகைபோக்கி, நல்ல வெளிச்சம், ஊதுவதற்குத் தனி அறை உள்ள பொதுப் பட்டறை ஒன்றை ஒரு தெருவே சேர்ந்து கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்தி, எத்தனை பேருக்குப் பார்வைக் குறை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் ஆதாரம். தனியாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கைவினைஞர் கடன் திட்டங்களின் இன்றைய நிலையைக் கேளுங்கள். திட்டங்களின் பெயரும் நிபந்தனையும் ஆட்சிக்கு ஆட்சி மாறும்.

செம்மநத்தம்: நாங்க இந்த மலையில இருக்கற மலையாளிப் பழங்குடி, எஸ்டி. பன்னிரண்டாவது முடிச்ச பசங்க திருப்பூர், பெங்களூர்னு போயிடறாங்க. இங்கயே தொழில் வைக்க?

தாட்கோவுக்கு, அதாவது ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்துக்குப் போங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான முதலமைச்சர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் மானியம். மிச்சம் வங்கிக் கடன். ஓட்டுநர் முதல் அழகுக்கலை வரை பயிற்சிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் தாள் சாதிச் சான்று. எஸ்டி சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தர வேண்டும், விசாரணைக்கு நாள் ஆகும். பையன் பத்தாவது படிக்கும்போதே வாங்கி வையுங்கள். சேலம் மாவட்டத்தில் மலையாளி எஸ்டி பட்டியலில் இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். ஈரோடு பர்கூர் மலையில் அதே சனம் பட்டியலுக்கு வெளியே நின்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வெள்ளக்கடை: வன் தன் மையம் வைத்தால் 15 லட்சம் வரும் என்கிறார்களே?

அது பழங்குடியினருக்கான மத்திய அரசுத் திட்டம். 20 பேர் கொண்ட குழுக்கள் 15 சேர்ந்து, 300 பேருக்கு ஒரு மையம், அதற்குத்தான் 15 லட்சம். ஆளுக்கு 5,000 என்று கணக்கு. அதுவும் தேன், கடுக்காய், சீயக்காய், புளி மாதிரி காட்டில் சேகரிக்கிற பொருளுக்கு. உங்கள் பட்டா நிலத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற மிளகு காட்டுப் பொருள் ஆகாது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் மிளகும் காபியும்தான் அதிகம் போலிருக்கிறது. அப்படியானால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும், நபார்டு என்கிற விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியும்தான் வழி.

சேலம் டவுன்: நான் திருநங்கை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மாவு அரைத்து விற்க நினைக்கிறோம். திருநங்கைகள் நல வாரியத்தில் தருவது போதுமா அக்கா?

சுயதொழிலுக்குச் சமூக நலத் துறை வழியாக ஆளுக்கு 50,000 வரை கிடைக்கும். வாரிய அடையாள அட்டை வேண்டும். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றையும் வாங்கிவிடுங்கள், மத்திய அரசுத் திட்டங்களுக்கு அதைத்தான் கேட்பார்கள். கிரைண்டருக்கு அந்தப் பணம் போதும். கடைக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம், அது உங்களுக்கே தெரியும். வாடகை முன்பணத்தைப் பெரிதாகக் கேட்பார்கள், பாதியில் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் வெளி அறக்கட்டளையிடம் கேட்கும்போது இயந்திரம் கேட்காதீர்கள். ஒரு வருட வாடகையும் முன்பணமும் கேளுங்கள், வாடகை ஒப்பந்தத்தில் சாட்சியாக அந்த அறக்கட்டளைக்காரரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் நடந்துகொள்ளும் விதமே மாறும்.

தாதகாப்பட்டி: சிறு தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். ஒரு கம்பெனி 'விளைவு என்ன என்று எழுதுங்கள்' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. 50 பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று தெளிவாக எழுதியிருந்தோமே?

பயிற்சி கொடுப்பது நீங்கள் செய்கிற வேலை. அதனால் அந்த 50 பேருக்கு என்ன ஆனது என்பதுதான் அவர்கள் கேட்பது. இன்று அவர்களின் மாத வருமானம் என்ன, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், எவ்வளவு சம்பாதிப்பார்கள், யார் போய் விசாரித்து எழுதுவார்கள். 50ஐ 20 ஆகக் குறைத்து, 20 பேரையும் பெயரோடு பின்தொடருங்கள். நானாக இருந்தால் தையலையே விட்டுவிடுவேன். தாதகாப்பட்டியில் தையல் மிஷின் இல்லாத தெரு எது?

இன்னொன்று, சட்டமே கம்பெனி இயங்குகிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. சென்னை அலுவலகங்களுக்குத் தபால் போடுவதை விட்டு, பொட்டனேரி, மேட்டூர் பக்கம் தொழிற்சாலைகளை நேரில் போய்ப் பாருங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: லண்டனில் இருக்கும் சித்தப்பா எங்கள் அமைப்புக்குப் பணம் அனுப்பலாமா?

அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுள்ள வேறு அமைப்பு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 2020 திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மாரமங்கலம்: இதெல்லாம் இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கிடைக்கும். எங்களுக்கு டவரே எடுக்கறதில்ல. சும்மா எதுக்கு ஆசை காட்டறீங்க?

கோபம் நியாயம். மலைக்கென்று ஒதுக்குகிற பணத்தில் கணிசமான பங்கு, நன்றாக எழுதத் தெரிந்த நகரத்து அமைப்புகளுக்குத்தான் போகிறது. மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. 'எங்கள் ஊருக்கு இது தேவை, இந்தக் குழு செய்யட்டும்' என்று தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். நான் படித்த விண்ணப்பங்களில் அப்படி ஒரு தாள் இணைந்து வந்தால் அதைத் தனியாக எடுத்து வைப்போம். தமிழில் எழுதலாமா என்று ஃபோன் போட்டுக் கேளுங்கள், ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு நகரத்து அமைப்பு பணம் வாங்கியதாகத் தெரிந்தால், அடுத்த கிராம சபையில் கணக்குக் கேளுங்கள்.

தலைச்சோலை: ஜீப்காரர், டீக்கடைக்காரர் யாரும் பில் தர மாட்டேங்கறாங்க. தணிக்கையில ஒத்துக்குவாங்களா?

செலவுச் சீட்டு புத்தகம் ஒன்று வாங்குங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, யாருக்காக, எவ்வளவு, வாங்கியவர் கையெழுத்து, அவர் ஃபோன் நம்பர், வண்டி நம்பர். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. முடிந்தவரை ஜிபே பண்ணிவிடுங்கள், ஆனால் குழுக் கணக்கிலிருந்து, யாருடைய சொந்தக் கணக்கிலிருந்தும் வேண்டாம். எல்லாவற்றையும் அன்று மாலையே எழுதுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய பன்னிரண்டு மாதச் சீட்டை எந்த ஆடிட்டரும் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.