சளிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும்?

போன வருஷம் போட்ட ஊசியையே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அம்மாவுக்கு மறுபடியும் போடச் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமி மாறிவிடுகிறது, அதற்கேற்ப ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அதுதான் முக்கியக் காரணம்.

சளிக்காய்ச்சல் கிருமியின் மரபணு ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறால் ஆனது. அதை நகலெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்த கிருமியிடம் வழியில்லை. பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடு. ஆனால் மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளூட்டினின் புரதத்தில் சில இடங்கள் மாறினாலே போதும், கிருமியைப் பிடிக்க உடல் முன்பு உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் சரியாக ஒட்டாது. உள்ளேயுள்ள புரதங்கள் அவ்வளவாக மாறுவதில்லை. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒருவகையான டி செல்கள் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் பழைய எதிர்ப்புசக்தி முழுக்க வீண் என்று நினைக்க வேண்டாம்.

தட்டம்மையும் ஆர்.என்.ஏ. கிருமிதான், ஆனால் அதற்கு ஆண்டுதோறும் ஊசி வேண்டாம். அதன் மேற்புரதம் மாறினால் செல்லுக்குள் நுழைவதே சிரமம். அதனால்தான் 2 ஊசி பல்லாண்டு தாங்குகிறது.

சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுதும் பரவும். அம்மாவுக்கு 65 தாண்டியிருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.