ஷிஃப்ட் மாறும்போது என்ன சொல்வது, எப்படிச் சொல்வது: கேள்வி பதில்

வேதிப்பொருள் ஆலைகளில் 28 ஆண்டுகள் ஷிஃப்ட் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

கேள்வி (ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஓசூர்): லாக் புக்கில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். அதற்குப் பிறகும் நேரில் நின்று பேசத்தான் வேண்டுமா? கம்பெனி பஸ் காத்திருக்கிறது, ஐயா.

கட்டாயம் பேச வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அப்பால், வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்ததை நான் ஒவ்வொரு புதிய சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியாததால், குழாயின் வாயைத் தகடு வைத்து மூடிவிட்டுச் சென்றார்கள். வால்வு கழற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு இன்னொரு பம்பு நின்றுபோகவே, இந்தப் பம்பை ஓட்டலாம் என்று நினைத்து இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் உயிரிழந்தார்கள். வேலைக்கான பெர்மிட் காகிதம் இருந்தும், அதன் பொருள் தெரிய வேண்டியவருக்குத் தெரியவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி.

எழுத்து நினைவுக்காக, பேச்சு சந்தேகம் கேட்பதற்காக. வருகிறவர் கேள்வி கேட்க வாய்ப்பில்லாத ஒப்படைப்பை நான் ஒப்படைப்பாகவே கருதியதில்லை. கண்ட்ரோல் ரூம் மேசையில் மட்டும் பேசாமல், நின்றுபோன இயந்திரம் எதுவோ அதன் அருகிலேயே போய் நின்று பேசுங்கள். பஸ் பத்து நிமிடம் காத்திருக்கும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

கேள்வி (பராமரிப்புப் பிரிவு, தூத்துக்குடி): லாக் புக்கில் எப்படி எழுதுவது என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

பெரும்பாலோர் நிலையும் அதுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று 15 பேர் இறந்த விபத்திலும், இரவில் எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தில் எவ்வளவு திரவம் ஏற்றப்பட்டிருந்தது என்பது பற்றிக் காலையில் வந்தவருக்குக் கிடைத்தது தெளிவற்ற ஒற்றை வரிதான்.

நம் தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ‘சரிபார்க்கப்படும்’, ‘மாற்றப்பட்டுவிடும்’ என்று எழுதினால் வாக்கியம் நிறைவடைந்துவிடுகிறது. யார் செய்வார் என்பது அதில் இல்லை. ‘வேலை கிட்டத்தட்ட முடிந்தது’ என்பதும் அப்படியே. முடிந்த பகுதியா, முடியாத பகுதியா, எது ஆபத்து என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘இரண்டாம் பம்பின் சீல் மாற்றினோம்; போல்ட் இன்னும் முறுக்கவில்லை; காலை ஷிஃப்ட் ஃபிட்டர் முறுக்கிய பிறகே ஓட்ட வேண்டும்’ என்று எழுதுங்கள். செய்யாமல் விட்டதை முதல் வரியில் எழுதும் பழக்கத்தை நான் வற்புறுத்துவேன். செய்ததை எல்லோரும் தாமாகவே எழுதிவிடுவார்கள்.

கேள்வி (பயிற்சிப் பொறியாளர், மணலி): மூத்தவரிடம் தவறைச் சுட்டிக்காட்டினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

தம்பி, மரியாதை விளியில் இருக்கட்டும், செய்தியைத் தணிக்காதீர்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் தரையிறங்கக் காத்திருந்த அவியாங்கா விமானத்தின் துணை விமானி, எரிபொருள் தீர்ந்துவருவதாகக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொன்னார். ஆனால் ‘அவசரநிலை’ என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். ‘கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது, சார்’ என்பது அதே வகைப் பேச்சு. ‘சார், பேரிங் சூடு 90 டிகிரி, ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். பார்த்தது, அதன் அளவு, நீங்கள் கேட்பது ஆகிய மூன்றும் அதில் வந்துவிடுகின்றன, பணிவும் குறையவில்லை.

மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இளையவர் சொன்னது தவறாகவே இருந்தாலும், சொன்னதற்காக முதலில் நன்றி சொல்லுங்கள். ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் ஒரு பையனை நான் கடிந்துகொண்டேன். அதன்பின் பல மாதங்கள் அவன் என்னிடம் எந்தக் குறையையும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி (ஒப்பந்தக் குழுத் தலைவர், கோவை): பீகார், ஒடிசா தொழிலாளர்களிடம் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். வேலை வேறாக நடக்கிறது.

அந்தக் கேள்வியைக் கைவிடுங்கள். தமிழ்த் தொழிலாளியும் அதற்கு ‘சரி சார்’ என்றுதான் சொல்வார்; புரியவில்லை என்று சொல்வது எவருக்கும் கூச்சம். ‘முதலில் எந்த வால்வை மூடுவாய், தொட்டுக் காட்டு’ என்று கேளுங்கள். வால்வுகளுக்கு எண்ணும் நிறமும் இட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். நீங்களும் இருபது இந்திச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘நிறுத்து’, ‘திற’, ‘மூடு’, ‘விலகு’ ஆகியவை முதலில் வரட்டும்.

கேள்வி (அதே ஊரிலிருந்து இன்னொருவர்): வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் போதாதா?

தகவலுக்குப் போதும், உத்தரவுக்குப் போதாது. நீல நிற டிக் திறந்து பார்த்ததைத்தான் காட்டும்.

கேள்வி (பாய்லர் ஆபரேட்டர், ஈரோடு): வாக்கி டாக்கியில் எண்கள் மாறிக் கேட்கின்றன.

இரைச்சலில் ‘அறுபது’, ‘எழுபது’ இரண்டும் ஒன்றாகவே விழும். ‘ஏழு, பூஜ்யம், எழுபது’ என்று இலக்கமாகவும் முழு எண்ணாகவும் சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, நீங்கள் ‘சரி’ என்ற பிறகே அவர் கை வால்வுக்குப் போக வேண்டும்.