வாடகைக்காக வாசித்த இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் பற்றிய கட்டுரையில், நியூயார்க்கின் ஒரு பேட்டையான "ஹார்லெம்தான் அந்த இசையை மாற்றியது" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. பியானோ வாசித்த தெலோனியஸ் மங்க்கும் சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கரும் மேதைகள். எந்த ஊரில் இருந்திருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்கள்? ஒரு பேட்டைக்கு இதில் என்ன வேலை?

ர., கோவை

அன்புள்ள ர.,

மேதைகள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கை எங்கே பழகியது என்றும் பார்க்க வேண்டும்.

1920களில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து நியூயார்க் வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு நகரின் பெரும்பகுதியில் வீடு தர மாட்டார்கள். ஹார்லெமில் கிடைத்தது, ஆனால் வெள்ளையர் கொடுப்பதைவிடக் கூடுதல் வாடகைக்கு. பணம் இடிக்கிற மாதம் வீட்டையே திறந்துவிட்டார்கள். மேசை நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு, வாசலில் ஆளுக்குக் கால் டாலர் போல வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். பொரித்த மீன், பன்றிக்கால், மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயம். அழைப்புச் சீட்டில் எதுகை போட்டு இரண்டு வரி இருக்கும். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்தச் சின்னக் கூடத்தில் ஒரு பேண்டை நிறுத்த இடம் ஏது, காசு ஏது? இருந்தது ஒரு பியானோ. ஆடுகிறவர்களுக்கோ தாளம் வேண்டும். அதனால் இடது கை தாளத்தின் ஒன்றாம் எண்ணுக்குக் கீழே ஒரு தடித்த சுரத்தை அடிக்கும், இரண்டாம் எண்ணுக்கு மேலே தாவிச் சில சுரங்களைச் சேர்த்து அடிக்கும், மூன்றுக்கு மறுபடி கீழே, நான்குக்கு மேலே. டிரம்ஸ்காரர் வேலையை அந்தக் கையே பார்த்துக்கொள்ள, வலது கை மெட்டோடு விளையாடும். எட்டி நடப்பது போல இருப்பதால் ஸ்ட்ரைட் என்று பெயர். ஜேம்ஸ் பி. ஜான்சன், வில்லி ஸ்மித், ஃபேட்ஸ் வாலர் எல்லாரும் இந்தக் கூடங்களில் போட்டி போட்டு வாசித்தவர்கள். ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' என்ற உருப்படி வாஷிங்டன் வரை போனது. பின்னாளில் பேண்ட் நடத்திப் புகழ்பெற்ற டியூக் எலிங்டன், அங்கே இளைஞராக இருந்தபோது அதைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தானே அமுங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்துப் பழகினார்.

இனி உங்கள் மங்க். பதின்வயதிலேயே இந்த வாடகை விருந்துகளில் வாசித்தவர் அவர். கடைசிவரை அவருடைய தனி வாசிப்பில் அந்த இடது கை கேட்கும். பார்க்கர் கான்சாஸ் சிட்டிக்காரர். ஆனால் ஹார்லெமுக்கு வந்து, பியானோ மேதை ஆர்ட் டேட்டம் வாசித்த ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினார். வெறும் தட்டு கழுவப் பக்கத்து ஊர் போதாதா என்ன?

அப்புறம் ஹார்லெமின் 118ஆம் தெருவில் 1938இல் தொடங்கிய மின்டன்ஸ் என்ற இசை விடுதி. கூலியில்லாமல் கூடி வாசித்தால் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போடும். ஆனால் இந்த இடத்தை நடத்திய ஹென்றி மின்டன் அந்தச் சங்கத்திலேயே பிரதிநிதியாக இருந்தவர். அதனால் இங்கே பயமில்லை. வேறு இடங்களில் வேலை முடித்துவிட்டு வருவார்கள், நடனக்காரர்களுக்காக வாசிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. டிரம்ஸ்காரர் கென்னி கிளார்க் தாளத்தைக் காலடி டிரம்மிலிருந்து மேலே சிம்பல் என்கிற உலோகத் தட்டுக்கு மாற்றினார். பீபாப் என்ற புதுவகை ஜாஸ் இப்படித்தான் உருவாகி வந்தது.

1942 ஆகஸ்டில் சங்கம் இசைத்தட்டுப் பதிவையே நிறுத்திவிட்டதால் அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி பதிவாகவில்லை. ஆனால் 1941இல் ஒரு கல்லூரி மாணவர் பதிவுக்கருவியைச் சுமந்துகொண்டு மின்டன்ஸுக்குப் போயிருக்கிறார். அந்தப் பதிவுகள் கிடைக்கின்றன. சார்லி கிறிஸ்டியனின் கிதாரையும், பின்னால் கிளார்க்கின் சிம்பலையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.