பனிச்சறுக்கில் கோல்கள் இல்லாவிட்டால் கூடுதல் கடினமா?

கடலூரிலிருந்து ஜனவரி மாதம் உத்தராகண்டிலுள்ள ஔலிக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருப்பதாகவும், முதல் சில நாட்களுக்குக் கையில் பிடித்து ஊன்றும் கோல்கள் தரமாட்டோம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டதாகவும், கோல் இல்லாமல் சறுக்குவது கோலுடன் சறுக்குவதைவிடக் கடினமாக இருக்குமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சரிவில் இறங்கக் கற்றுக்கொள்ளும் புதியவருக்குக் கோல் இல்லாதது கூடுதல் கடினம் ஆகாது. பெரும்பாலானோருக்கு அதுவே எளிய வழி. ஆனால் சமதளத்தில் நகர்வதும் மேட்டில் ஏறுவதும் கோல் இல்லாமல் உறுதியாகக் கடினம். செங்குத்தான, மேடுபள்ளமான சரிவுகளில் அடுத்தடுத்துத் திரும்பி இறங்கும் நிலையை எட்டிய பிறகு கோலின் தேவை மறுபடியும் தொடங்கும். இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இக்கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

நான் புதுச்சேரிக்காரன். வேலையின் பொருட்டு பிரான்சின் கிரெனோபிள் நகரில் வாழ்ந்த காலத்தில், அருகிலிருந்த ஷாம்ருஸ் மலையில் சறுக்கக் கற்றுக்கொண்டேன். 1968 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகள் நடந்த மலை அது. புதுச்சேரியிலிருந்து உறவினர் வீடுகளுக்கு விடுமுறையில் வந்த பலரை அந்தச் சரிவுகளுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். வாழ்நாளில் முதன்முறையாகப் பனியில் நிற்கும் பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்வதைக் கண்டேன். கோல்கள் இரண்டையும் முன்னால் ஊன்றுவார்கள், உடலின் பாரத்தை அவற்றின்மீது சாய்ப்பார்கள், பார்வையைக் கோல்முனையிலேயே வைத்திருப்பார்கள். கால்களின் நினைவே அவர்களுக்கு இராது.

சரிவில் உடலை நிலைநிறுத்துபவை கால்களே. கணுக்காலும் முழங்காலும் சற்றே மடங்கி, கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போது, காலில் பூட்டிய பலகையின் முன்பாதி பனியைப் பற்றுகிறது. அப்போதுதான் திரும்ப முடிகிறது. அச்சம் வந்தவுடன் உடல் தானாகவே பின்னோக்கிச் சாய்கிறது. முன்பாதியின்மீது இருந்த எடை விலகியதும் பலகை நம் பிடியில் நிற்பதில்லை, வேகம் கூடுகிறது. வேகத்தைக் குறைக்கும் முதற்பாடம், பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகட்டி, ஆப்பு வடிவில் பனியைத் தேய்த்து இறங்குவது. இந்தப் பாடத்தில் கைகளுக்கு எந்த வேலையும் இல்லை. கோலோ சில நூறு கிராம் எடையுள்ள மெல்லிய குழாய். சறுக்கிவரும் ஒரு மனித உடலை நிறுத்தும் வலிமை அதற்குக் கிடையாது. முன்னால் குத்தினால் உடல் அதன்மேலேயே போய் விழும். பக்கத்தில் குத்தினால் கை பின்னுக்கு இழுபட்டு, தோள் திரும்பி, இடுப்பும் அதனோடு சேர்ந்து திரும்பிவிடும். அச்சமுற்றவர் கோலைத்தான் நம்புவார் என்பதால், கோல் கையில் இருக்கும்வரை கால்கள் கற்கவேண்டிய பாடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்துக் கழிமுகங்களில் கழி ஊன்றிப் படகைத் தள்ளிச் செல்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழி படகை நகர்த்துகிறது. ஆடும் படகில் அவரை விழாமல் நிற்கவைப்பவை அவருடைய கால்கள். கழியைப் பற்றிக்கொண்டு நிற்க முயன்றால், படகு முன்னே போய்விடும், கழி சேற்றிலேயே நின்றுவிடும். பனியில் கோலின் இடமும் ஏறக்குறைய இதுதான்: அது தள்ளுவதற்கு உதவும், நேரம் குறிப்பதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

ஆல்ப்ஸ் மலைப் பள்ளிகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் கோல் இல்லாமலேயே தொடங்குகிறார்கள். கைகளை முழங்காலில் வைத்தோ, விமானத்தின் இறக்கைபோல் விரித்தோ ஆசிரியரின் பின்னால் வரிசையாக இறங்குவார்கள். குழந்தைகளின் உடல் தரைக்கு அருகில் இருப்பதால் அவர்களுக்கு அது எளிது, பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. என் அக்காள் மகளும் அவள் கணவரும் முதன்முறை வந்தபோது, அவள் கோல் இல்லாமல் தொடங்கினாள், அவர் கோல்கள் இல்லாமல் நிற்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் அவள் மெதுவாக இருபக்கமும் திரும்பி இறங்கினாள். அவர் ஒவ்வொரு சில அடிக்கும் கோலை ஊன்றி நின்று, மறுபடியும் தொடங்கிக்கொண்டிருந்தார். இருவரை மட்டும் வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆயினும் தேர்ந்தவர்களையும் பயிற்சியாளர்கள் அவ்வப்போது கோல்களைக் கீழே வைத்துவிட்டு இறங்கச் சொல்வதும், அல்லது இரு கோல்களையும் கிடைமட்டமாக மார்புக்கு முன்னால் ஏந்தி இறங்கச் சொல்வதும் உலகெங்கும் உள்ள பழக்கம். தோள்கள் அநாவசியமாகத் திரும்புகின்றனவா, எடை கீழ்ப்பக்கக் காலில் சரியாக விழுகிறதா என்பவை அப்போது தெளிவாகத் தெரிந்துவிடுகின்றன.

இனி, கோல் இல்லாவிட்டால் உண்மையிலேயே வருந்தவேண்டிய இடத்துக்கு வருகிறேன். 1968-இல் கிராஸ் கன்ட்ரி போட்டிகள் நடந்த ஒத்ரான், கிரெனோபிளுக்கு மேற்கே வெர்கோர் பீடபூமியில் இருக்கிறது. அங்கே சரிவு உங்களை இழுத்துச் செல்லாது. சமதளத்திலும் ஏற்றத்திலும் உங்கள் உடலே உங்களைக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வகைச் சறுக்கில் கோல் ஓர் இயந்திரத்தின் பாதிப் பங்கு என்றே சொல்லலாம். சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் ஓட்டத்தில், முன்னணி வீரர்கள் இப்போது கால்களால் உந்துவதையே ஏறக்குறைய விட்டுவிட்டு, இரு கோல்களையும் சேர்த்துக் குத்தி, வயிறும் முதுகும் தோளும் தரும் ஆற்றலால் முழுத் தொலைவையும் கடக்கிறார்கள். கோலின் நீளம் கூடக்கூட இந்த உந்துதலின் பயன் கூடியதால், பாரம்பரிய முறைப் போட்டிகளில் கோலின் நீளம் வீரரின் உயரத்தில் 83 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதி வகுத்திருக்கிறது. கோலை விலக்கிவிட்டால் அந்த விளையாட்டின் வேகம் பெருமளவு போய்விடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஔலியில் கற்கப்போவது இதுவன்று. சரிவில் இறங்கும் சறுக்கு. அதில் கோலின் நீளம் உயரத்தில் சுமார் 70 விழுக்காடுதான். நீளத்தில் உள்ள இந்த வேறுபாடே வேலையில் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது.

சரிவுச் சறுக்கில் கோலின் முழுப் பயன், ஆப்பு வடிவத்தை விட்டு இரு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்பத் தொடங்கிய பின்னரே விளங்கும். ஒரு திருப்பம் முடியும் தறுவாயில், அடுத்துத் திரும்பப்போகும் பக்கத்துக் கோலின் முனையால், மணிக்கட்டை மட்டும் அசைத்து, பனியை மெல்லத் தொடுவார்கள். அந்தத் தொடுகையின்போது மேலுடல் பள்ளத்தாக்கை நோக்கி அமைதியாக நிற்கிறது. பலகையின் விளிம்பு பனியை விடுகிறது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. தாளக்காரர் இல்லாமல் பாடக்கூடியவர் பாடுவார், ஆனால் விரைவுகாலத்தில் அவருக்கும் தாளம் வேண்டும். நீண்ட, அகன்ற திருப்பங்களில் கோலைத் தொடாமலேயே இறங்கலாம். செங்குத்தான குறுகிய பாதையிலும், சறுக்குபவர்கள் திரும்பித் திரும்பிக் குவித்த பனிமேடுகளின் இடையிலும் நொடிக்கு ஒரு திருப்பம் தேவைப்படும்போது, கோல் இல்லாமல் இறங்குவது தேர்ந்தவருக்கும் சிரமம். நான் முயன்று பார்த்த வரையில், அத்தகைய இடங்களில் கால்கள் தளர்வதற்கு முன்பே நேரக்கணக்கு குழம்பிவிடுகிறது.

போட்டிகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவின் ஒரே வீரராகச் சென்ற காஷ்மீரின் ஆரிஃப் கான், நட்ட கம்பங்களைச் சுற்றித் திரும்பித் திரும்பி இறங்கும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் என்னும் இரண்டு பிரிவுகளிலும் கலந்துகொண்டு, ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம் பெற்றார். அகன்ற திருப்பங்கள் கொண்ட ஜயண்ட் ஸ்லாலத்தில், புறப்படும்போது உந்தித் தள்ளுவதற்குத்தான் கோல் பெரிதும் பயன்படுகிறது. ஸ்லாலத்தில் திருப்பக் கம்பங்களுக்கு இடையே 6 முதல் 13 மீட்டர்தான் தொலைவு. அங்கே கோலின் பிடியைக் காக்கும் கவசத்தால் கம்பத்தை அடித்துச் சாய்த்துக்கொண்டே செல்கிறார்கள். வழியில் ஒரு கோலைத் தவறவிட்ட வீரர்கள் அதோடு நின்றுவிடாமல் எல்லைக் கோடுவரை இறங்கிவிடுவதையும் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.

மற்ற பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பனித்தாவல் வீரர்கள் பெரிய மேடைகளில் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் கோல் எதுவுமின்றிப் பாய்கிறார்கள். பாராலிம்பிக்கில், நின்று சறுக்கும் பிரிவில், இரு கைகளிலும் குறைபாடு உள்ளவர்கள் கோலே இல்லாமலும், ஒரு கையில் குறைபாடு உள்ளவர்கள் ஒற்றைக் கோலுடனும் ஒலிம்பிக்குக்குரிய அதே வகைச் சரிவுகளில் போட்டியிடுகிறார்கள். ஒற்றைக் கோலுக்கு வரலாறும் உண்டு: 1905-இல் ஆஸ்திரியாவின் லிலியன்பெல்டில் முதல் ஸ்லாலம் வகைப் போட்டியை நடத்திய ஆஸ்திரியரான மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, ஒரே ஒரு நீண்ட கோலைக் கொண்டே சறுக்கினார், மாணவர்களுக்கும் அவ்வாறே கற்பித்தார். இரு கோல் வேண்டும் என்பாருக்கும் அவருக்கும் இடையே அக்காலத்தில் கடுமையான வாதம் நடந்தது.

உங்கள் பயிற்சிக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்கிறேன். கோல் இல்லாத நாட்களில் உங்களைச் சோர்வடையச் செய்யப்போவது சரிவு அன்று. சறுக்குபவர்களை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்குப் போகும் சமதளத் துண்டும், சிறு ஏற்றங்களும்தான். ஔலியின் சரிவுகள் கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. கடற்கரை ஊரிலிருந்து செல்பவருக்கு அங்கே பத்தடி ஏறினாலும் மூச்சு வாங்கும். ஆகவே, கோல் கேட்டு வற்புறுத்துவதற்குப் பதிலாக, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் படியேறுவதையும், முன்முனைகளை அகட்டி மீன்முள் வடிவில் ஏறுவதையும் முதல் நாளே கற்றுத்தரக் கேளுங்கள். விழுந்தால், பலகைகளை உடலுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்து, கையைப் பனியில் ஊன்றி எழலாம். முடியாவிட்டால் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு எழுவது இன்னும் எளிது. புதிதாகப் பெய்த ஆழ்ந்த பனியில் மட்டும் கை உள்ளே புதைந்துவிடும். அங்கே இரு கோல்களையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பனிமேல் போட்டு, அவை சேரும் இடத்தில் அழுத்தி எழுவார்கள். ஆழ்ந்த பனிக்குப் பெயர்பெற்ற, காஷ்மீரிலுள்ள குல்மார்க்கின் மேற்சரிவுகளுக்குக் கோல் இல்லாமல் செல்லவேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புறப்படுவதற்கு முன், சக்கரக் காலணியில் பழகிக்கொள்ள முடிந்தால் நல்லது. மாலையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பின் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை இதற்கு ஏற்ற இடம். கடலூரிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை. ஒற்றைக் காலில் உருண்டு செல்லும்போது முழங்கால் மடங்கியிருக்கிறதா, கைகள் கண்ணில் படும்படி முன்னால் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இந்தக் கைநிலைதான் பனியிலும் வேண்டும். கோல் வந்த பிறகும் கைகள் அதே இடத்தில்தான் இருக்கவேண்டும்.

கோல் கொடுக்கும் நாளில், அதைத் தலைகீழாகத் திருப்பி, முனையருகே உள்ள வளையத்துக்கு அடியில் பிடித்து, தரையில் நேராக நிறுத்திப் பாருங்கள். பூட்ஸ் அணிந்த நிலையில் முழங்கை செங்கோணமாக மடங்கினால் அந்த நீளம் உங்களுக்குச் சரி. லிஃப்டில் ஏறும்போது வார்களை மணிக்கட்டிலிருந்து கழற்றி, இரு கோல்களையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விழும்போது கோலை உடனே விட்டுவிடுங்கள்: பிடித்தபடியே கையை ஊன்றினால் பிடி கட்டைவிரலை வெளிப்பக்கமாகத் தள்ளி, அதன் அடிமூட்டின் உட்பக்கத் தசைநாரைக் கிழித்துவிடும். பனிச்சறுக்கில் கைக்கு நேரும் காயங்களில் இது மிகப் பரவலானது. கோல் இல்லாத முதல் நாட்களில் இந்த ஒரு ஆபத்து உங்களுக்கு அநேகமாக இல்லை.