சத்தம் யாருடைய கொல்லையில்?

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக லினக்ஸில் ஒரு கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏற்றும் நிரல்) எழுதினேன். அதில் ஒன்றும் செய்யாத ஒரு பைட் நாப் கட்டளையை, ஓட்டத்தை நிறுத்திக் கெர்னலை அழைக்கும் இன்ட்3 ஆக மாற்றி, அப்போது ஓடவேண்டிய ஹேண்ட்லரை டை நோட்டிஃபையர் என்கிற கெர்னலின் அறிவிப்புப் பட்டியலில் வைத்தேன். இந்த ப்ரோப் (உளவு பார்க்கும் புள்ளி) நன்றாக ஓடுகிறது. ஆனால் மாட்யூலை ஏற்றியபின் ஜிடிபி என்கிற பிழைதேடும் கருவியில் பிரேக்பாயின்ட் (ப்ரோக்ராமை நிறுத்தக் குறித்த இடம்) வைத்தால் நிற்பதில்லை. ப்ரோக்ராம் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தகாத நினைவக முகவரியைத் தொட்ட பிழை) விழுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பக்கம் யானை இறங்கும் ராகிக் கொல்லைகளில் கம்பி கட்டித் தகர டப்பா தொங்கவிடுவார்கள். ராத்திரி சத்தம் கேட்டால் பரணில் இருப்பவர் முதலில் பார்ப்பது, சத்தம் யாருடைய கொல்லையில் என்று. உங்கள் ஹேண்ட்லர் அதைப் பார்க்கவில்லை.

ஜிடிபியும் ஹெக்ஸில் சிசி என்கிற, இன்ட்3இன் அதே பைட்டைத்தான் வைக்கிறது. அதை மிதித்ததும் கெர்னலுக்குப் போகும் அழைப்பான டிராப்பும் உங்களிடம் வருகிறது. நீங்கள் நோட்டிஃபை ஸ்டாப் (இத்தோடு முடிந்தது, வேறு யாருக்கும் சொல்லாதே) என்று அமுக்கிவிடுகிறீர்கள். எக்ஸ்86 வகை சிபியுவில் டிராப்புக்குப் பின் ஐபி (அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி வைக்கும் ரெஜிஸ்டர்) அடுத்த பைட்டைக் காட்டும். உங்கள் நாப் ஒரே பைட், அதனால் தப்பித்தீர்கள். ஜிடிபி மிதித்த கட்டளை ஐந்து பைட் என்றால், அதன் நடுவயிற்றில் போய் இறங்குகிறது ப்ரோக்ராம்.

முதலில், டிராப் அடித்தபோது ஓடியது கெர்னலா யூசர் ப்ரோக்ராமா என்று காட்டும் சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டைப் பாருங்கள். 3 என்றால் யூசர் ப்ரோக்ராம்; நோட்டிஃபை டன் (என்னுடையதில்லை, அடுத்தவரைக் கேள்) சொல்லி ஒதுங்கிவிடுங்கள். லினக்ஸின் சொந்த ப்ரோப் வசதியான கேப்ரோப்ஸின் ஹேண்ட்லரும் யூசர் மோடா என்று கேட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அப்புறம் ஐபியில் ஒன்றைக் கழித்து, அந்த முகவரி நீங்கள் ப்ரோப் வைத்த இடங்களின் பட்டியலில் உண்டா பாருங்கள். சிசி இருக்கிறது, கெர்னல் முகவரிதான் என்பதெல்லாம் போதாது. கெர்னலிலேயே பிழைதேடும் கேஜிடிபியும் வைக்கும், கெர்னல் தன் கோடைத் தானே திருத்தும்போதும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும்.

சிக்கலானது மூன்றாவது: பட்டியலிலும் இல்லை, அங்கே சிசியும் இல்லை. டிராப் அடித்ததற்கும் ஹேண்ட்லர் பார்ப்பதற்கும் இடையில் இன்னொரு சிபியு ப்ரோபை எடுத்துவிட்டது. தம்பி கம்பியை அவிழ்த்துவிட்டான், சத்தம் மட்டும் காதில் நிற்கிறது. ஐபியை ஒரு பைட் பின்னே வைத்து, அசல் கட்டளையை ஓடவிடுங்கள். கிருஷ்ணகிரியில் என் பழைய லேப்டாப்பில் ஒரே சிபியு கொடுத்த விர்சுவல் மெஷினில் சோதித்து, எல்லாம் சரி என்று நான் ஏமாந்தது இதில்தான்.

நாலு சிபியு கொடுங்கள். ப்ரோபை வைத்து எடுக்கும் லூப் ஒரு பக்கம், ஜிடிபி இன்னொரு பக்கம் ஓடட்டும். விழுந்தால் ஊப்ஸ் பதிவை (கெர்னல் பிழையில் விழும்போது எழுதும் குறிப்பு) முழுசாக அனுப்புங்கள்.