கேள்வி – பதில்: ஓட்டல் பச்சைக் காய்கறியும் புழு முட்டையும்

கேள்வி: எங்கள் தெருவில் பத்து வயதுப் பையனுக்குத் திடீரென்று வலிப்பு. ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்றார்களாம். அந்த வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். ஓட்டலில் பச்சைக் காய்கறி சாப்பிட்டதால் வந்திருக்குமா? உப்புத் தண்ணீரில் அலசினால் போதுமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வந்திருக்கலாம் அம்மா. பன்றிக்கறி தின்பவர்களுக்குத்தான் இது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள், பாதிதான் சரி. வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும்; அவர் மலத்தோடு வெளியேறும் முட்டை தோட்டத்து மண்ணிலோ பாய்ச்சும் தண்ணீரிலோ கலந்து, இல்லாவிட்டால் அவருடைய கழுவாத கை வழியாகவே, இன்னொருவர் வாய்க்குள்ளோ அவர் வாய்க்குள்ளேயோ போனால்தான் மூளையில் கட்டி வரும். அதனால் அந்த வீட்டில் உள்ளவர்களும், சமையலுக்கு யாராவது வந்தால் அவரும், மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

உப்பு, வினிகர், குளோரின் எதையும் நம்பாதீர்கள். புழு முட்டையின் ஓடு அதற்கெல்லாம் மசியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 25 முட்டைகளை வரிசையாக வைக்கலாம், கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும், வேகவைத்தால் செத்தே போகும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலின் பின்கட்டில் நானே பார்த்தேன். ஒரே பிளாஸ்டிக் வாளி. கொத்தமல்லிக் கட்டை வேரோடு முக்கி எடுத்தார்கள், அதே தண்ணீரில் முட்டைக்கோஸ், அப்புறம் வெள்ளரிக்காய். வாளியின் அடியில் ஒரு விரற்கடைக்குச் செம்மண் படிந்திருந்தது. அது கழுவுவதே இல்லை, ஒரு காயில் இருந்ததை எல்லாக் காய்க்கும் பூசுவது.

சரி, வெளியே என்ன சாப்பிடலாம்? பரோட்டாவும் கொதிக்கும் சால்னாவும் பயமில்லை. பக்கத்தில் வைக்கிற தயிர் வெங்காயம், பச்சை முட்டைக்கோஸ், மேலே தூவும் மல்லித்தழை, இவற்றைத் தள்ளி வையுங்கள். சப்ளையரிடம் முதலிலேயே "வெங்காயம் வேண்டாம்ணே" என்று சொல்லிவிடலாம். வீட்டில் கோஸின் மேல் இலைகளை உரித்தெறிந்து, கேரட், வெள்ளரியைக் கழுவித் தோல் சீவுங்கள்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை உங்கள் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். ஆனால் அந்தப் பையனுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று அவன் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூளையில் உள்ள புழு மருந்தில் சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடிவிடும்.