ஹெலிகொப்டர் ஏன் நேர்கீழாக இறங்குவதில்லை?

கேள்வி: வெள்ளக் காலத்தில் மட்டக்களப்பின் கிரான், வாகரைப் பக்கம் நிவாரணத்துடன் வரும் ஹெலிகொப்டர், தென்னைகள் சூழ்ந்த மைதானத்துக்குக்கூடச் சாய்வாகவே வருவது ஏன்?

நேர்கீழாக வேகமாக இறங்கினால், தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அது அமிழ்கிறது. அந்தக் காற்று சுழலியின் (மேலே சுழலும் இறக்கைகளின்) விளிம்பைச் சுற்றி மேலேறி வளையமாகச் சுழலும், தூக்குவிசை சரியும். முன்னோக்கிய வேகம் மிகக் குறைந்திருக்க, இறக்கம் நிமிடத்துக்குச் சுமார் 300 அடியைத் தாண்டினாலே ஆபத்துதான். கொடுமை என்னவென்றால், விழுகிறோமே என்று விமானி விசையைக் கூட்டினால் வளையம் இன்னும் வலுக்கும். முன்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்ந்து கலங்காத காற்றுக்குள் போவதே வழி. அதற்கு உயரம் வேண்டும்; தென்னை மட்டத்தில் அது கிடையாது.

2000 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் இறங்க வந்த, ஹெலிகொப்டர் போலவும் இறங்கக்கூடிய ஒஸ்பிரே விமானத்தின் இரு சுழலிகளில் ஒன்று இப்படிச் சிக்கியது. விமானம் புரண்டு விழுந்து 19 பேர் இறந்தனர்.

பயணிகள் விமானம் சுமார் 3 பாகைச் சாய்வில் இறங்கும். ஹெலிகொப்டருக்குக் கடுஞ்சாய்வான இறக்கம் என்பதே ஏறத்தாழ 15 பாகைதான். மரங்கள் அதற்கும் இடந்தராவிட்டால், காற்றை எதிர்கொண்டு மிக மெதுவாக இறங்க வேண்டும். நம் மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்; அதை எதிர்கொள்ள ஹெலிகொப்டர் தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்குப் பக்கம் மரமும் மின்கம்பியும் இல்லாத திடலை ஊரவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது பேருதவி.